தொடுவதுதான் சிகிச்சை

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த தம்பி, "அக்கா, மருத்துவமனையில் சாதி என்ற தலைப்பில் பேசுங்கள்" என்றார். அது பெரிய தலைப்பு. பிணவறையில் வேலை பார்ப்பது யார், கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பது யார் என்று ஆரம்பித்தால் விடியும் வரை பேசலாம். அதனால் நான் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். என் வேலையில் பெரும்பகுதி அந்த நோயோடுதான் போயிருக்கிறது. நிணநீர் வீக்கம், லிம்ஃபெடிமா. நம் பக்கத்தில் இதற்குள்ள பழைய பெயர் யானைக்கால்.

உங்களில் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார். இப்போது அந்த அளவுக்கு இல்லை. ஆனால் இருப்பவர்கள் வெளியே வருவதில்லை. புடவையைத் தரை வரைக்கும் இறக்கிக் கட்டியிருப்பார்கள். கைலியைத் தூக்கிக் கட்டவே மாட்டார்கள். கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள். போனாலும் பந்தியில் கடைசியில் போய் உட்காருவார்கள். எங்கள் பட்டியலில் பெயர் இருக்கும், வீட்டுக்குப் போனால் "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்பார்கள்.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் அரசியல் பேசினால் காற்றில் பேசுவதாகிவிடும்.

நம் உடம்பில் ரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. திசுக்களுக்கு நடுவே கசியும் நீரையும் புரதத்தையும் வாரி எடுத்து மறுபடி ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவற்றின் வேலை. நடுநடுவே வால்வுகள் உண்டு, நீர் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள. யானைக்கால் புழு இந்தக் குழாய்களுக்குள் குடியேறுகிறது. வூச்செரேரியா பான்கிராஃப்டி என்பது அதன் பெயர். நூல் மாதிரி இருக்கும், ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அது இருக்கும் இடத்தில் குழாய் விரிந்துபோகிறது, வால்வு கெடுகிறது, நீர் தேங்குகிறது. கால் வீங்குகிறது.

புழுவைக் கொண்டுவருவது கியூலெக்ஸ் கொசு. டெங்கு கொசுவைப் போல வீட்டுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரைத் தேடாது. சாக்கடை, கழிவுநீர்க் குட்டை, மூடாத செப்டிக் டேங்க், இவைதான் அதன் பிரசவ அறை. ஊரின் சாக்கடை எந்தத் திசையில் போய் முடிகிறது என்று உங்கள் ஊர் வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டின் முனையில் யார் வீடு இருக்கிறது என்பதை இந்தக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கொசு சாதி பார்ப்பதில்லை. கும்பகோணத்துக்கும் யானைக்காலுக்கும் உள்ள பழைய தொடர்பு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே எல்லாத் தெருவிலும் இந்த நோய் இருந்தது. கடற்கரை ஊர்கள் பலவற்றிலும் அப்படித்தான். ஆக இது "தலித் நோய்" என்று நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். புழு உள்ளே நுழைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் தெருவுக்குத் தெரு வித்தியாசம் ஆரம்பிக்கிறது.

வீங்கிய காலைப் பெரிதாக்கிக்கொண்டே போவது பெரும்பாலும் புழு கிடையாது. வெளியிலிருந்து நுழையும் சாதாரண பாக்டீரியா. விரலிடுக்கில் சேற்றுப்புண் வருகிறது. தோல் வெடிக்கிறது. அந்தப் பிளவு வழியாகக் கிருமி உள்ளே போகிறது. நிணநீர் ஓட்டம் இல்லாத காலில் அதை எதிர்க்கப் படை இல்லை. தொடையிடுக்கில் நெறி கட்டும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் தூக்கும், கால் நெருப்பாகக் கொதிக்கும். நான்கைந்து நாள் படுக்கை. காய்ச்சல் இறங்கிய பிறகு கால் பழைய அளவுக்குத் திரும்பாது, கொஞ்சம் கூடியே நிற்கும். தோல் தடிக்கும். அடுத்த காய்ச்சலில் இன்னும் கொஞ்சம். இப்படிப் படிப்படியாகத்தான் அந்தக் கால் யானைக்கால் ஆகிறது.

இதைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்தில் வேலை செய்த மருத்துவர் ஜெருசா டிரேயர். வீக்கத்தை ஏழு நிலைகளாகப் பிரித்து, எந்த நிலையிலும் செய்ய முடிந்த எளிய பராமரிப்பைச் சொன்னவர். நோயாளிகள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் குழுக்களையும் அங்கே உருவாக்கினார்கள். அவர் சொன்ன மருத்துவத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தினமும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் போட்டுக் காலைக் கழுவு. விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடை. வெடிப்பு இருந்தால் களிம்பு தடவு. படுக்கும்போது காலை உயர்த்தி வை. கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய். செருப்பு போடு. அவ்வளவுதான். இதை ஒழுங்காகச் செய்தால் அந்தக் காய்ச்சல் வெகுவாகக் குறைகிறது. நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

தண்ணீர், சோப்பு, தொடுகை, ஓய்வு, செருப்பு. இந்தப் பட்டியலை இந்தக் கூட்டத்தில் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? இது மருத்துவக் குறிப்பு மாதிரியா இருக்கிறது? தீண்டாமை எதையெல்லாம் பறித்ததோ அவற்றின் பட்டியல் மாதிரி இருக்கிறது.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 1927 மார்ச்சில் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். அது நடந்து நூறாண்டு ஆகப்போகிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் போய், "தினமும் இரண்டு வேளை சுத்தமான தண்ணீரில் காலைக் கழுவுங்கள் அம்மா" என்று சொல்கிறேன். ஒரு காலனியில் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். வருகிற நாளிலும் வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. அந்த வீட்டில் ஒரு பையன், இருபத்தைந்து வயதிருக்கும், என்னிடம் கேட்டான்: "சிஸ்டர், குடிக்கிற குடத்துல எத்தனை செம்பு காலுக்கு எடுக்கலாம்?" மருந்து அளவு சொல்லத் தெரிந்த எனக்கு இதற்கு அளவு தெரியவில்லை. அந்த ஊராட்சியில் குழாய் நேரத்தைப் பற்றி மனு எழுத வைத்தோம். ஆறு மாதம் கழித்து வாரத்துக்கு ஒருநாள் கூடுதலாக வந்தது. இதையும் நான் செவிலியர் வேலை என்றுதான் கணக்கு வைத்திருக்கிறேன்.

செருப்புக்கு வருவோம். இந்தக் காலுக்குச் செருப்பு ஒரு மருந்து. முள், கல், வரப்பு விளிம்பு, எதுவும் தோலைக் கிழிக்கக் கூடாது. கடையில் விற்கிற செருப்பு இந்தக் காலில் நுழையாது. அளவெடுத்து, மேல்வார் அகலமாக, அடியில் மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைக்க வேண்டும். (அளவெடுத்துத் தைக்கத் தெரிந்த கைகள் எந்தச் சமூகத்தின் கைகள் என்பதும் உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒரு தாத்தா தைத்துக்கொடுத்தார். பாதத்தைக் கையில் ஏந்தி, காகிதத்தில் கோடு போட்டு, எந்த இடத்தில் அழுத்தும் என்று அவர் சொன்னது எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்காதது.) அப்படித் தைத்த செருப்பை வாங்கிக்கொண்டு போன ஒரு பெரியவர் அடுத்த மாதம் வந்தார். பாதத்தில் புதிதாக ஒரு வெட்டுக்காயம். செருப்பு புதிதாகவே இருந்தது. எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டேன். "பஸ்ஸை விட்டு இறங்கினா பையில வச்சுக்குவேம்மா. ஊர்த்தெரு தாண்டினதும் போட்டுக்குவேன்" என்றார். யாராவது கழற்றச் சொன்னார்களா என்றால் "யாரும் சொல்லலை, பழக்கந்தான்" என்கிறார்.

இப்போது எங்கே அப்படி இருக்கிறது என்று நகரத்தில் கேட்பார்கள். 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்ற ஊரில் சுமார் 60 பேர் ஒரு தெருவில் செருப்பு போட்டுக்கொண்டு நடந்தார்கள். அது செய்தியானது. செருப்பு போட்டு நடப்பது செய்தியாகிற நாட்டில், செருப்பை மருந்துச் சீட்டில் எழுதுகிறவள் நான்.

ஓய்வைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. நடவுக்குப் போகிறவரிடம் சேற்றில் நிற்காதே, மதியம் ஒரு மணிநேரம் காலைத் தூக்கி வை என்று சொல்லிப் பாருங்கள். நிலம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் ஓய்வும் இருக்கிறது.

தொடுகை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

இந்த நோயில் கை வைக்காமல் எதுவும் தெரியாது. இரண்டாவது கால்விரலின் அடியில் தோலைக் கிள்ளி எடுக்கப் பார்ப்போம். மடிப்பாகக் கிள்ள வந்தால் சரி, வராவிட்டால் நிணநீர் வீக்கம் என்று பொருள். கட்டைவிரலால் காலை அழுத்திப் பிடித்திருப்போம். குழி விழுகிறதா, விழுந்த குழி எவ்வளவு நேரத்தில் எழுகிறது, பஞ்சு மாதிரி இருக்கிறதா, மரக்கட்டை மாதிரி இருக்கிறதா, இதெல்லாம் விரல் நுனிக்குத்தான் தெரியும். இன்ச் டேப்பால் கணுக்கால், கெண்டைக்கால், முட்டி என்று ஒவ்வொரு இடமாகச் சுற்றளவு எடுப்போம். பிறகு கழுவுவோம். மடிப்புகளைப் பிரித்து, உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கும் பூஞ்சையைத் துடைத்து எடுப்போம். ஒவ்வொரு விரலிடுக்கிலும் துணித் துண்டை நுழைத்து ஈரத்தை ஒற்றி எடுப்போம். பிறகு பஞ்சுப் பட்டை சுற்றி, அதற்கு மேல் அதிகம் இழுபடாத கட்டுத்துணி. கணுக்காலில் அழுத்தம் அதிகம், மேலே போகப் போகக் குறைய வேண்டும். தலைகீழாகிவிட்டால் நீர் பாதத்திலேயே சிறைப்படும். கட்டுவதற்கு முன்னால் பாதத்தின் நாடியைப் பார்க்க வேண்டும், ரத்த ஓட்டம் குறைவான காலில் இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து. கையால் நிணநீரை நகர்த்தும் முறை ஒன்று உண்டு. பார்ப்பதற்கு மசாஜ் மாதிரி இருக்கும், ஆனால் அழுத்தவே கூடாது. தோலை மட்டும் இலேசாக இழுத்து விடுவோம். வீக்கம் காலில் இருந்தாலும் உடம்பின் மேல்பகுதியில்தான் ஆரம்பிப்போம். முதலில் வழியைக் காலி செய்துவிட்டுத்தான் நீரை அனுப்ப முடியும்.

இவ்வளவும் கை வேலை. இதைப் பழக மாதங்கள் ஆகும். பிரிட்டனில் இதற்கென்றே பயிற்சி பெற்ற சிறப்புச் செவிலியர் பணியிடங்கள் இருக்கின்றன. நம் மருத்துவமனைகளில் நான் கேட்ட வாசகம் என்ன தெரியுமா? "கால் கழுவுறதுதானே, ஆயாவை விட்டுக் கழுவச் சொல்லுங்க."

அந்த ஒரு வாசகத்துக்குள் வர்ணம் முழுவதும் இருக்கிறது. மருத்துவர் பார்ப்பார். செவிலியர் எழுதுவார். ஆயா கழுவுவார். அழுக்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறாயோ அவ்வளவு கீழே உன் நாற்காலி. ஆயாவுக்கு நாற்காலியே இல்லை. அண்ணல் இதைத்தான் படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்று சொன்னார். ஒவ்வொருவருக்கும் தனக்குக் கீழே ஒருவர் இருப்பதால் ஒருவரும் அமைப்பை எதிர்ப்பதில்லை. எங்கள் தொழிலுக்குள்ளேயும் அதுதான். செவிலியர்களில் சிலருக்கு, "நாங்க நாலு வருஷம் படிச்சது கால் கழுவவா" என்ற கோபம் இருக்கிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. இந்த நாட்டில் நவீன செவிலியம் வந்தபோது, தீட்டுக்குப் பயந்து ஆதிக்க சாதிப் பெண்கள் அதன் பக்கமே வரவில்லை. மிஷன் மருத்துவமனைகளில் மதம் மாறிய குடும்பத்துப் பெண்கள்தான் வந்தார்கள். ரத்தம், சீழ், மலம் தொடுகிறவள் என்ற பேச்சை எங்கள் மூத்தவர்கள் கேட்டுக் கேட்டு, அதிலிருந்து தப்பிக்க வெள்ளைச் சீருடையையும் பதிவேட்டையும் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் தப்பித்த வழி என்ன? அந்த வேலையை இன்னொரு பெண்ணின் தலையில் வைத்ததுதான். தீட்டு ஒழியவில்லை, கைமாறியது.

கழுவுவதை வேலையின் மையத்துக்குக் கொண்டுவர வேண்டும், கழுவுகிறவருக்குப் பயிற்சியும் சம்பளமும் பதவியும் வேண்டும் என்பது என் கட்சி. எங்களோடு வேலை செய்த ஒரு ஆயாவுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தோம். அவர் கை எங்கள் பலரின் கையைவிட நிதானம். அவர் பெயருக்கு முன்னால் இன்றைக்கும் "ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்" என்றுதான் இருக்கிறது.

கால் ஏன் இவ்வளவு கேவலமான உறுப்பாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? புருஷ சூக்தம் வாயில் ஒருவரையும் காலில் ஒருவரையும் பிறக்க வைத்தது. அன்றிலிருந்து கால் என்பது உடம்பின் பாகம் மட்டுமில்லை, ஒரு முகவரி. ஒருவர் காலில் விழு, ஒருவர் கால் பட்டால் தீட்டு, ஒருவர் காலைக் கழுவிய தண்ணீரைத் தலையில் தெளி. யாருடைய கால், யார் கழுவுவது என்பதற்கு ஒரு பெரிய சட்டப் புத்தகமே நம் மண்டைக்குள் இருக்கிறது. பாதபூஜை செய்கிறவருக்குப் புண்ணியம், சேற்றுப்புண் கழுவுகிறவளுக்குத் தீட்டு. 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் ஐந்து தூய்மைப் பணியாளர்களின் கால்களைக் கழுவினார். பித்தளைத் தாம்பாளம், கேமரா, எல்லாம் இருந்தது. நான் ஒரு செவிலியராக அந்த வீடியோவைப் பார்த்தேன். விரலிடுக்கை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கால்கள் மறுநாள் எதில் இறங்கின, பூட்ஸ் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

எங்களிடம் வருகிறவர்களுக்கும் அந்தச் சட்டப் புத்தகம் மனப்பாடம். அறுபது வயது அம்மா ஒருவர், களையெடுக்கிற வேலை. முதல் தடவை நான் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்ததும் பதறி இழுத்துக்கொண்டார். "வேணாம் சிஸ்டர், உங்க கை பாழாப்போயிடும்." பதினெட்டு வருடமாக அந்தக் காலை இன்னொரு மனிதர் தொட்டதில்லை என்று பிறகு சொன்னார். மகள்கூடத் தொட்டதில்லை. நோயின் தீண்டாமையும் சாதியின் தீண்டாமையும் ஒரே காலில் இருந்தன. எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்னொருவர் நேர் எதிர். வசதியான குடும்பம், ஊரில் பெரிய மனிதர். காலை நீட்டுவதற்கு முன்னால் கேட்டார்: "நீ எந்த ஊரும்மா?" சொன்னேன். "அதுல எந்தப் பக்கம்?" அதையும் சொன்னேன். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "கிளவுஸ் போட்டுக்கிட்டுச் செய்ங்க" என்றார். புண் இருந்தால், நீர் கசிந்தால் நாங்கள் கையுறை போடுவோம், அது நோய்த்தொற்று விதி. அவர் காலில் புண் இல்லை. மெல்லிய வீக்கத்தைக் கையுறைக்குள்ளிருந்து சரியாக உணர முடியாது. நான் சொன்னேன்: "ஐயா, கையுறை போட்டுப் பார்த்தா உங்களுக்குத்தான் நஷ்டம்." எழுந்து போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து நெறி கட்டிக் காய்ச்சலோடு வந்தார். அப்போது எந்தத் தெரு என்று கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் மனைவிக்கு உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். அந்த அம்மா, கழுவும்போதெல்லாம் என்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னார். அவருக்கு அது பிடித்ததா என்று தெரியவில்லை. திருந்தினார் என்று கதை முடிக்க உங்களில் சிலர் ஆசைப்படுவீர்கள். அவர் கால் திருந்தியது, அது எனக்குத் தெரியும்.

வீக்கம் காலில் மட்டும் வருவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும்போது அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களையும் எடுத்தாலோ, கதிர்வீச்சு கொடுத்தாலோ, அந்தப் பக்கக் கை வீங்கலாம். உலக அளவில் மார்பகப் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. புற்றுநோயை வென்ற பெண் என்று மேடையில் பூங்கொத்து கொடுப்பார்கள். அவர் ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிரித்துத் தைக்கப்பட்டிருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். அழுத்தம் கொடுக்கும் கையுறை ஆயிரக்கணக்கில் விலை, சில மாதங்களில் தளர்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். துவைப்பதற்கு மாற்று ஒன்று வேண்டும். கூலிக்குப் போகிற பெண்ணிடம் "இந்தக் கையால் பாரம் தூக்காதே" என்று எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். செங்கல் தூக்குகிறவர் எந்தக் கையால் தூக்குவார்? அவர்களிடம் ஆரம்ப நாட்களிலேயே, கை கனமாக இருக்கிறது, வளையல் இறுகுகிறது என்ற கட்டத்திலேயே வரச் சொன்னால் நிறையச் செய்ய முடியும். அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பணியிடம் வேண்டும்.

அரசு என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் வந்தது. டிஇசி மாத்திரையை ஊர் முழுக்க ஒரே நாளில் கொடுக்கும் முறையை முதலில் முயன்று பார்த்த இடங்களில் தமிழ்நாடும் ஒன்று, 1996இல். அதனால்தான் உங்கள் வயதுப் பிள்ளைகளிடம் இந்த நோயை அதிகம் பார்க்க முடியவில்லை. வீடு வீடாக மாத்திரை கொண்டுபோன பெண்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. நான்காம் நிலை வீக்கம் உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகையும் தருகிறது. தேசிய அளவில் ஒழிப்பு இலக்கு 2015 என்று 2002இல் எழுதினார்கள், தள்ளித் தள்ளி இப்போது 2027இல் நிற்கிறது.

ஆனால் மாத்திரை புதிதாக வருவதைத்தான் தடுக்கும். ஏற்கனவே வீங்கிய காலை அது சுருக்காது. உலக சுகாதார நிறுவனமே இந்தத் திட்டத்துக்கு இரண்டு தூண்கள் என்று வைத்திருக்கிறது: பரவலை நிறுத்துவது ஒன்று, ஏற்கனவே பாதிக்கப்பட்டவர்களைப் பராமரிப்பது இன்னொன்று. உலகத்தில் சுமார் 1.5 கோடி பேருக்கு இந்த நிணநீர் வீக்கமும், 2.5 கோடி ஆண்களுக்கு விரைவீக்கமும் இருப்பதாக அந்த நிறுவனம் கணக்குச் சொன்னது. மாத்திரையை எண்ணலாம். எத்தனை பேர் விழுங்கினார்கள் என்று சதவீதம் போடலாம். கழுவிய காலை எப்படி எண்ணுவது? அதனால் இரண்டாவது தூணுக்கு வாளி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய ஒரு பெட்டியைக் கொடுத்து, போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த வீடுகளில் அந்த வாளி நல்ல வாளி. அதில் அரிசி வைத்திருந்தார்கள். கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. கழுவத் தண்ணீரும், கழுவக் கற்றுக்கொடுக்க ஆளும் வராத வீட்டில் வாளி வேறு என்ன செய்யும்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்கள் அதில் இருக்கிறார்கள், சரியான விஷயம். யானைக்கால் என்ற பெயர் அதில் இல்லை. சான்றிதழுக்குப் போகிறவர் இயக்கக் குறைபாடு என்ற வகைக்குள் தன் காலை நுழைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2015க்குப் பிறகு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி வந்த செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆரம்பித்தார்கள். 2017 நவம்பரில் சென்னையில் டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடியது சிலருக்கு நினைவிருக்கும். அடுத்த வருடம் எந்த மாவட்டத்தில் இருப்போம் என்று தெரியாதவரிடம், ஒரு நோயாளியின் காலை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? இந்த நோய்க்கு அதுதான் தேவை. ஒரே கை, அதே கால், வருடக்கணக்கில். கேரளத்தில் காசர்கோட்டில் பயன்பாட்டுத் தோலியல் நிறுவனத்தில், நவீன மருத்துவத்தையும் ஆயுர்வேதத்தையும் யோகாவையும் சேர்த்து நீண்டகாலமாக இந்த வீக்கத்துக்குச் சிகிச்சை தருகிறார்கள். ஆயுர்வேதம் பற்றி எனக்குச் சில கேள்விகள் உண்டு, அது வேறு விவாதம். ஆனால் நோயாளியோடு வந்தவருக்கும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்து, திரும்பத் திரும்ப அளவெடுத்துப் பார்ப்பது நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

மாவட்டத்துக்கு ஒரு நிணநீர் வீக்கச் சிகிச்சைப் பிரிவு, அதற்குப் பயிற்சி பெற்ற நிரந்தரச் செவிலியர் இருவர், ஒரு இயன்முறை மருத்துவர், கட்டுத்துணிக்கும் செருப்புக்கும் தனி நிதி. புற்றுநோய் மருத்துவமனைகளில் அறுவைக்கு முன்பே கை அளவு எடுத்து வைப்பது. இப்போது கழுவிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அந்த வேலைக்கான பெயரும் ஊதியமும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான். உங்கள் அமைப்பு தரும் மனுக்களில் சுடுகாட்டுப் பாதைக்கும் பஞ்சமி நிலத்துக்கும் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி இடம் கொடுங்கள்.

நீங்கள் உடனே செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவில் வீங்கிய காலோடு யாராவது இருந்தால் போய் உட்காருங்கள். காலைப் பார்க்காத மாதிரி நடிக்காதீர்கள், அதை அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். காய்ச்சல் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கேளுங்கள். விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று கேளுங்கள். காய்ச்சல் நேரத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கவோ, சூடான ஒத்தடம் கொடுக்கவோ, ஊசியால் குத்தி நீர் எடுக்கவோ விடாதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணி போட்டு, காலை உயர்த்தி வைத்து, மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் சுகாதாரத் துறையினர் ரத்தம் எடுக்க வந்தால் கதவைத் திறந்து விரலை நீட்டுங்கள். அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் தோலடி ரத்தத்துக்கு வரும், அதனால்தான் அந்த நேரத்தில் வருகிறார்கள், உங்களைத் தொந்தரவு செய்வதற்காக இல்லை. வருகிறவர்களும் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர்கள்தான், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். டப்பும் கட்டுத்துணியும் கொண்டுவந்திருக்கிறேன், கட்டுவதைப் பழக விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம். ஒருவர் காலை நீட்ட வேண்டும், ஒருவர் பிடிக்க வேண்டும்.